கப்பல் போன்ற பழைய அமெரிக்கக் கார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் குடியிருக்கிறேன். என்னிடம் 1972-ஆம் ஆண்டின் பியூக் எலெக்ட்ரா 225 ஒன்று இருக்கிறது. வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. வீட்டுக்கு வரும் தமிழ் நண்பர்கள் காப்பி குடிக்க உட்காருவதற்கு முன்பே அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார்கள். அப்புறம் கேள்விகள் தொடங்கும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான், ஆனால் எல்லாமே நியாயமான கேள்விகள். வாங்க நினைப்பவர்களுக்கும் தள்ளி நின்று ரசிப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று பதில்களை எழுதி வைக்கிறேன். பெரிய கார் என்று இங்கே நான் சொல்வது 1950-களிலிருந்து 70-களின் நடுப்பகுதி வரை வந்த முழு அளவுக் கார்களை: கேடிலாக், லிங்கன், இம்பீரியல், பியூக், ஓல்ட்ஸ்மொபில், செவர்லே இம்பாலா முதலியன.

உண்மையில் எவ்வளவு பெரியவை?

1959 கேடிலாக்கின் நீளம் 225 அங்குலம், அதாவது 5.7 மீட்டர். நம் அம்பாசிடர் 4.3 மீட்டர்தான். ஸ்விஃப்ட் கார் ஒன்றையும் அதோடு இன்னொரு பாதியையும் சேர்த்து நிறுத்தினால் ஏறக்குறைய கேடிலாக் அளவு வரும். 1973-இல் வந்த இம்பீரியல் இன்னும் நீளம்: 235 அங்குலம், கிட்டத்தட்ட 6 மீட்டர். அகலம் எல்லாவற்றிலும் 2 மீட்டரை ஒட்டி இருக்கும். எடை 2 டன்னைத் தாண்டும்.

என் காரின் பெயரில் உள்ள 225 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1959-இல் பியூக் முதல் எலெக்ட்ரா 225-ஐ வெளியிட்டபோது, அதன் நீளத்தை அங்குலத்தில் அளந்து அப்படியே பெயராக வைத்துவிட்டார்கள். நீளம்தான் அன்று விற்பனைச் சரக்கு. இங்கே தெருப் பேச்சில் இந்தக் காரை 'டியூஸ் அண்ட் எ குவார்ட்டர்' என்பார்கள். நம் கணக்கில் சொன்னால் 'இரண்டேகால்'.

ஏன் இவ்வளவு பெரிதாகச் செய்தார்கள்?

இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் ஆலைகளும் ஜப்பானின் ஆலைகளும் நொறுங்கிக் கிடந்தன. டெட்ராய்ட்டில் ஒரு செங்கல் கூடப் பெயரவில்லை. போர்க்காலத்தில் டாங்கியும் விமானமும் செய்து பழகிய கூடங்கள் கார்களுக்குத் திரும்பின. இரும்புக்குக் குறைவில்லை. நகரங்கள் புறநகர்களாக விரிந்துகொண்டிருந்தன, வீட்டுக்கு வீடு கார் நிறுத்தும் கொட்டகை வந்தது. 1956-இல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி 41,000 மைல் நீளத்துக்கு நெடுஞ்சாலைகள் போடத் தொடங்கினார்கள். நேரான, அகலமான, முடிவே தெரியாத சாலைகள். அந்தச் சாலைக்காகச் செய்த வண்டிகள் இவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றக் கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

இன்னொரு காரணம் ஜெனரல் மோட்டார்ஸின் வியாபார முறை. செவர்லேவில் தொடங்கி பான்டியாக், ஓல்ட்ஸ்மொபில், பியூக் என்று ஏறி கேடிலாக்கில் முடியும் ஓர் ஏணியை அதன் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் அமைத்துவைத்தார். சம்பளம் உயர உயர அடுத்த படி. மேல் படியில் இருக்கும் கார் கீழ்ப் படியில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிய வேண்டும். அடுத்த ஆண்டுக் கார் இந்த ஆண்டுக் காரைவிடப் புதிதாகத் தெரிய வேண்டும். இப்படி ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போயின. 1959-இல் ஒரு கேடிலாக்கின் விலை சுமார் 5,000 டாலர். அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் அன்று சுமார் 5,400 டாலர். ஒரு வருடச் சம்பாத்தியத்தை அப்படியே கொட்டினால்தான் மேல் படியைத் தொடலாம்.

பின்னால் துடுப்பு மாதிரி நிற்கிறதே, அது எதற்கு?

ஓட்டத்துக்கு எந்தப் பயனும் இல்லை. ஆனால் அதன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1941-இல் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்பாளர்கள் சிலர் டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் உள்ள செல்ஃப்ரிட்ஜ் விமானத் தளத்துக்குப் போனார்கள். அங்கே லாக்ஹீட் பி-38 என்ற போர் விமானம் நின்றது. இரட்டை வால், ஒவ்வொன்றின் நுனியிலும் மேல்நோக்கி எழும் துடுப்பு. அது அவர்கள் மனதில் தங்கிவிட்டது. போர் முடிந்து வந்த 1948 கேடிலாக்கின் பின்புறத்தில் சின்னதாக, ஒரு மீன் முதுகு தண்ணீருக்கு மேலே தெரிவது போல, இரண்டு மேடுகள் வைத்தார்கள். வடிவமைப்புப் பிரிவின் தலைவர் ஹார்லி ஏர்ல். கார்கள் நீளமாகவும் தாழ்வாகவும் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமானவர்.

அடுத்த கட்டத்தைத் தூண்டியது போட்டி நிறுவனம். 1956 கோடையில் சக் ஜோர்டன் என்ற இளம் வடிவமைப்பாளர் மதிய நேரத்தில் கிரைஸ்லர் நிறுவனத்தின் இடத்தை ஒட்டிப் போனபோது, வேலிக்கு உள்ளே இன்னும் சந்தைக்கு வராத 1957 பிளிமத் கார்கள் நிற்பதைப் பார்த்துவிட்டார். கிரைஸ்லரின் வடிவமைப்பாளர் விர்ஜில் எக்ஸ்னரின் கைவண்ணம்: மெல்லிய கூரை, தாழ்ந்த உடல், வானைக் கிழிக்கும் துடுப்புகள். திரும்பி வந்து மற்றவர்களிடம் சொன்னார், அவர்களும் போய்ப் பார்த்தார்கள். தாங்கள் 1959-க்கு வரைந்து வைத்திருந்தவை ஒரே நாளில் கிழடாகிவிட்டதை உணர்ந்தார்கள். ஏர்ல் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். அவர் ஊர் திரும்புவதற்குள் பழைய வரைவுகளை ஓரம் கட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள்.

அதன் விளைவுதான் 1959 கேடிலாக். இடுப்பு உயரத்துக்கு எழும் துடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஏவுகணை நெருப்பு போல இரண்டு சிவப்பு விளக்குகள். அதற்கு மேல் போக இடமில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வருடமே துடுப்பு தாழ்ந்தது, 1960-களின் நடுவில் காணாமலே போனது. மிகை என்று பலர் சொல்வார்கள். மிகைதான். கோயில் கோபுரத்தில் இத்தனை சுதைச் சிற்பங்கள் தேவையா என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கண்ணோடு ஒரு முறை அதன் பின்புறத்தைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், அழகில் 1961 லிங்கன் கான்டினென்டல்தான் ஒரு படி மேல். எல்வுட் எங்கல் வரைந்தது. துடுப்பு கிடையாது, குரோமும் குறைவு, நேர்கோடுகள் மட்டும். பின் கதவுகள் எதிர்ப்பக்கமாகத் திறக்கும். ஆனால் கூட்டத்தில் குழந்தைகள் ஓடுவது கேடிலாக்கை நோக்கித்தான்.

ஓட்டும்போது அப்படி என்ன இருக்கிறது?

முதலில் இருக்கை. முன்னால் ஒரே நீள பெஞ்சு. கியர்க் கம்பு ஸ்டியரிங் தண்டிலேயே இருப்பதால் நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. மூன்று பேர் தோளோடு தோள் சேர்ந்து உட்காரலாம். பேச்சு தானாக வரும். என் அப்பா இங்கே வந்திருந்தபோது நடுவில் என் மகனையும் வைத்துக்கொண்டு மூவரும் ஹூரான் ஏரிக் கரையோரமாகப் போனோம். ஊரில் மாட்டு வண்டியின் முன்பலகையில் உட்கார்ந்து போனது போல இருக்கிறது என்றார். இந்தக் காரைப் பற்றி யாரும் இதைவிடச் சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்தது மிதப்பு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே என் காரில் 127 அங்குலம், 3.2 மீட்டர். அதோடு 2 டன் எடை, மென்மையான சுருள்வில்கள். சாலையில் மேடு வந்தால் உடல் மெதுவாக எழுந்து மெதுவாக அமரும், நொடிக்கு ஏறத்தாழ ஒரு ஆட்டம் என்ற கணக்கில். தூளி ஆடும் ஆட்டம் அது. இன்றைய கார்கள் வளைவில் சாயாமல் இருப்பதற்காக வில்லை இறுக்கி வைக்கின்றன. அவை குழியில் விழுந்தால் நம் முதுகெலும்புக்குச் சேதி வரும். இதில் வராது. ஆனால் வளைவில் வேகமாகத் திருப்பினால் படகு போலச் சாயும். இரண்டையும் ஒரே வில்தான் தருகிறது.

மூன்றாவது இழுவிசை. என் காரில் எட்டு சிலிண்டர் கொண்ட 7.5 லிட்டர் வி8 என்ஜின். அதை விரட்ட வேண்டியதே இல்லை. நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 2,000, 2,500 சுற்றுகளிலேயே வேலை முடிந்துவிடும். கியர் மாறுவது தெரியாது. ஆக்சிலரேட்டரைப் பாதத்தால் லேசாக அழுத்தினால், யாரோ பின்னாலிருந்து பெரிய உள்ளங்கையால் தள்ளுவது போல இருக்கும். ஸ்டியரிங்கை ஒரு விரலால் சுற்றலாம். சக்கரம் சாலையில் என்ன செய்கிறது என்ற தகவல் அந்த விரலுக்கு வராது, அதைக் கண்ணால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்தால் என்ன நடக்கிறது என்றால், முந்திப் போகும் ஆசை போய்விடுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில், இங்கே மெதுவாகப் போகிறவர்களுக்கான வலது ஓரத் தடத்தில் நான் பாட்டுக்குப் போவேன். மற்றக் கார்களில் எனக்கு அந்தப் பொறுமை வந்ததில்லை.

மைலேஜ் எவ்வளவு தரும்?

ஊருக்குள் லிட்டருக்கு 4 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 5, சில நாள் 5.5. பெட்ரோல் தொட்டி சுமார் 95 லிட்டர் கொள்ளும். நிரப்பிவிட்டு நிமிர்ந்தால் பக்கத்துப் பம்பில் இரண்டு வண்டிகள் வந்து போயிருக்கும். யானையைக் கட்டித் தீனி போடும் வேலைதான், சந்தேகமில்லை.

அந்தக் காலத்தில் பெட்ரோல் சும்மா கிடைத்தது, அதனால் கட்டுப்படியானது என்று எல்லோரும் சொல்வார்கள். இது பாதி உண்மை. 1959-இல் ஒரு காலன் சுமார் 30 சென்ட். விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் எடுத்தால் இன்றைய மதிப்பில் 3 டாலருக்குச் சற்று மேல். இன்று அமெரிக்காவில் கொடுக்கும் விலையும் அதை ஒட்டியதுதான். ஆக, மாறியது பெட்ரோல் விலையைவிட நம் பழக்கம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போகும் வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 5 என்பது பாவமாகத் தெரிகிறது.

8.2 லிட்டர் என்ஜினுக்கு வெறும் 190 குதிரைத்திறன்தானா?

1976 கேடிலாக் எல்டொராடோவின் கணக்கைத்தான் கேட்கிறார்கள். அதே 8.2 லிட்டர் என்ஜின் 1970-இல் 400 குதிரைத்திறன் என்று விளம்பரமானது. இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. 1971 வரை என்ஜினைத் தனியாக மேடையில் ஏற்றி, காற்று வடிகட்டி, சைலன்சர், டைனமோ போன்ற சுமைகள் இல்லாமல் அளந்தார்கள். 1972-லிருந்து காரில் இருக்கும் நிலையிலேயே எல்லாச் சுமையோடும் அளக்கத் தொடங்கினார்கள். அதிலேயே எண் பெரிதாக இறங்கிவிட்டது. மீதி உண்மையான இழப்பு: ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக 1971-இல் அமுக்க விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவையை அழுத்தும் அளவை, குறைத்தார்கள், அப்புறம் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் வந்தன. இழுவிசை மட்டும் ஓரளவு தப்பியது. ஓட்டுபவருக்கு அதுதான் தெரியும்.

இவ்வளவு இரும்பு இருக்கிறதே, விபத்தில் பாதுகாப்புதானே?

இல்லை. இந்த ஒரு விஷயத்தில் ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

2009-இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நிதி தரும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தன் 50-ஆவது ஆண்டை ஒட்டி ஒரு சோதனை செய்தது. 1959 செவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009 செவர்லே மாலிபு ஒன்றையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் ஓட்டுநர் பக்கமாக நேருக்கு நேர் மோத விட்டார்கள். பழைய காரின் ஓட்டுநர் இடமே சுருங்கிப் போனது. ஸ்டியரிங் தண்டு, ஓட்டுநர் இடத்தில் உட்கார வைத்திருந்த சோதனைப் பொம்மையை நோக்கி வந்தது. உண்மையான மனிதர் என்றால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் இருந்தவருக்குக் காலில் காயம் அளவோடு போயிருக்கும். அந்தக் காணொளியை வாங்குவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

காரணம் எளிமையானது. மோதலின் வேகத்தை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய காரில் முன்பகுதி திட்டமிட்டபடி நசுங்கி அதை வாங்கிக்கொள்கிறது, ஆள் இருக்கும் கூண்டு நசுங்காமல் நிற்கிறது. பழைய காரில் அந்த ஏற்பாடு இல்லை, மிச்ச வேகத்தை ஆள்தான் வாங்க வேண்டும். பெல்ட்டும், மோதினால் மடங்கும் ஸ்டியரிங் தண்டும், ஒரு குழாய் போனாலும் மறுகுழாய் வேலை செய்யும் இரட்டைப் பிரேக் அமைப்பும் 1968 மாடல் ஆண்டை ஒட்டித்தான் கட்டாயமாயின. அதனால்தான் நான் 1968-க்குப் பிந்தைய காராகப் பார்த்து வாங்கினேன். அப்படியும் மழையில் எடுப்பதில்லை, இரவு நெடுஞ்சாலையில் போவதில்லை. என் மகன் பெரியவனாகி இடுப்பு பெல்ட் சரியாகப் பொருந்தும் வரை அவனை இதில் ஏற்றவில்லை.

பிரேக் பிடிக்குமா?

முதல் தடவை பிடிக்கும். 1960-கள் வரை பெரும்பாலானவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 2 டன்னை ஒரு தடவை நிறுத்தினால் டிரம் சூடேறும், உடனே மறுபடி அழுத்தினால் பிடிப்பு குறையும். மலை இறக்கத்தில் இது ஆபத்து, கியரைக் கீழே இறக்கி என்ஜினையே பிரேக்காக வைத்து இறங்க வேண்டும். 1971-லிருந்து ஜெனரல் மோட்டார்ஸின் முழு அளவுக் கார்களில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் வந்துவிட்டது, அது பெரிய ஆறுதல்.

தினமும் அலுவலகத்துக்கு ஓட்டலாமா?

முதல் வருடம் முயன்றேன். முடியவில்லை என்பதைவிட, அது காருக்குச் செய்யும் அநியாயம் என்று பட்டது. கார் நிறுத்துமிடக் கட்டங்கள் இங்கே பெரும்பாலும் 18 அடி நீளம். என் கார் 19 அடி. மூக்கோ வாலோ வெளியே நிற்கும். பல அடுக்கு நிறுத்துமிடங்களின் சுழல் ஏற்றத்தில் திரும்பும்போது இரண்டு பக்கமும் சுவர் நெருங்கும். முழுச் சுற்றுத் திரும்ப ஏறக்குறைய 14 மீட்டர் வேண்டும், சின்னக் கார்களுக்கு 10 போதும். இரண்டு கதவு மாடல் என்றால் ஒவ்வொரு கதவும் ஒன்றரை மீட்டரை நெருங்கும், பக்கத்தில் கார் நின்றால் திறக்கவே முடியாது.

நெரிசலில் நின்று நின்று போனால் என்ஜின் சூடு கூடும். ஓர் ஆகஸ்ட் மதியம் சிக்னலில் நின்றபோது பெட்ரோல் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, பம்பு வெறும் ஆவியை இழுக்க, வண்டி அப்படியே நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்து வைத்து இருபது நிமிடம் காத்திருந்தேன். பின்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து, கோபிக்காமல், தன் தாத்தாவிடம் இதே வண்டி இருந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

துரு, துரு, துரு. என்ஜினைப் பிறகு பார்க்கலாம். என்ஜினைச் சரி செய்ய ஆள் கிடைப்பார், துருப்பிடித்த உடலைச் சரி செய்ய உங்கள் சேமிப்பு போதாது.

மிச்சிகன் போன்ற வட மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். அது கதவின் அடிப்பகுதி, பின் சக்கர வளைவு, தரைத் தகடு, சேஸிஸ் எல்லாவற்றையும் அரிக்கும். அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட மாநிலத்துக் கார் என்றால் இருக்கை வெயிலில் வெடித்திருக்கும், ஆனால் இரும்பு நன்றாக இருக்கும். இருக்கையை மாற்றிக்கொள்ளலாம். கையோடு ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் கீழும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கூரையில் வினைல் உறை ஒட்டியிருந்தால் அதன் ஓரத்தை விரலால் அழுத்துங்கள். உறைக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியே வராது, பின் கண்ணாடிக்குக் கீழே உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். நான் இதைப் பார்க்கத் தவறினேன். அந்த ஒரு இடத்துக்கு ஆன டிங்கரிங் செலவு, காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு.

1970-களின் கேடிலாக் என்றால் பம்பருக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகளைப் பாருங்கள். பெரும்பாலும் பொடியாக உதிர்ந்திருக்கும். மாற்றுத் துண்டுகள் கிடைக்கின்றன, விற்பவரிடம் விலை பேச இது உதவும்.

உதிரிபாகம் கிடைக்கிறதா?

இயந்திர பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, விலையும் மலிவு. லட்சக்கணக்கில் செய்த என்ஜின்கள் இவை. கார்புரேட்டர் பழுதுபார்க்கும் தொகுப்பு, தண்ணீர் பம்பு, பிரேக் கட்டை எல்லாம் இரண்டு நாளில் வீட்டுக்கு வரும். கிடைக்காதவை அலங்காரப் பகுதிகள்: ஓர் ஆண்டுக்கு மட்டுமே செய்த விளக்குக் கண்ணாடி, குரோம் பட்டை, எழுத்து. ஆண்டுக்கு ஆண்டு முகத்தை மாற்றியதற்கு இன்று நாம் விலை கொடுக்கிறோம். அதனால் இயந்திரம் படுத்துப்போய், ஆனால் குரோம் முழுமையாக உள்ள காரை வாங்குங்கள். எதிர்மாறாக வாங்காதீர்கள்.

ரப்பர் பெட்ரோல் குழாய்களை மட்டும் உடனே மாற்றிவிடுங்கள். இங்கே பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது, அது பழைய ரப்பரைத் தின்றுவிடும். நம் ஊரில் 20 சதவீதக் கலப்பு வந்தபோது பழைய வண்டிக்காரர்கள் கவலைப்பட்டது இதற்காகத்தான்.

நவீன என்ஜின் போட்டால் எல்லாத் தொல்லையும் தீருமே?

தீரும். பலர் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிரேக்கையும் பெல்ட்டையும் குளிர்விப்பானையும் நல்லதாக மாற்றுவதை நானே பரிந்துரைக்கிறேன். என்ஜினையும் வில்லையும் மாற்றினால் மட்டும், இவ்வளவு நேரம் நான் சொன்ன அந்த மிதப்பும் சோம்பலான இழுவையும் போய், பழைய உருவம் போர்த்திய புதுக் கார் ஒன்று மிஞ்சும். அதற்குப் புதுக் காரே வாங்கலாம்.

கியூபாவில் நிலைமை வேறு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கா வர்த்தகத் தடை போட்டபின் அங்கே புது அமெரிக்கக் காரும் வரவில்லை, பாகமும் வரவில்லை. இருந்ததை வைத்து ஓட்டினார்கள். ஹவானாவில் ஓடும் 1950-களின் செவர்லேக்கள் பலவற்றில் உள்ளே இருப்பது வேறு வண்டியிலிருந்து எடுத்த டீசல் என்ஜின். பெரிய பாதாம் என்ற பொருளில் அல்மெந்த்ரோன் என்று அவற்றை அழைக்கிறார்கள். நம் ஷேர் ஆட்டோ போல, ஒரே வழித்தடத்தில் ஆளை ஏற்றி இறக்கிப் போகும். அங்கே என்ஜினை மாற்றியது பிழைப்பு, அந்தக் கைத்திறனுக்கு முன்னால் எனக்கு மரியாதை மட்டும்தான் உண்டு.

ஏன் இப்போது இப்படிச் செய்வதில்லை?

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. சில மாதங்களில் ஒரு பீப்பாய் 3 டாலரிலிருந்து 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் நிலையங்களில் வரிசை, நாடெங்கும் மணிக்கு 55 மைல் வேக வரம்பு. 1975-இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. 1977 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் முழு அளவுக் கார்களை ஒரே மூச்சில் சுருக்கியது.

1976 எல்டொராடோவைத்தான் கடைசி அமெரிக்கத் திறந்த கூரைக் கார் என்று சொல்லி விற்றார்கள். 14,000 கார்கள் செய்தார்கள், கடைசி 200 முழு வெள்ளை. வாங்கியவர்கள் பலர் ஓட்டாமல் பூட்டி வைத்தார்கள். 1984-இல் கேடிலாக் மறுபடி திறந்த கூரை எல்டொராடோ விற்றபோது அவர்களில் சிலர் வழக்கே தொடுத்தார்கள்.

நம் நாட்டில் இவை இருந்தனவா?

இருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயில் கார்களைப் பூட்டும் ஆலை தொடங்கி 1954 வரை நடத்தியது. வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் நிறுவனம் கிரைஸ்லருடன் சேர்ந்து குர்லாவில் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ கார்களைப் பூட்டியது. கிராமத்தில் பெரியவர்கள் எந்தக் காரையும் 'பிளசர்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உல்லாசப் பயணத்துக்கான வண்டி என்ற அந்தக் காலத்து ஆங்கிலப் பெயர்தான் அப்படி மருவியது. இந்தக் கார்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

காற்றை மாசுபடுத்தவில்லையா?

மாசுபடுத்துகிறது. புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி 1975 மாடல்களில்தான் வந்தது, என் காரில் அது இல்லை. பின்னால் நின்றால் மூக்குக்கே தெரியும். வருடத்துக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்று வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

பதிவு, இன்சூரன்ஸ் எப்படி?

பழைய கார்களுக்கான தனி இன்சூரன்ஸ் உண்டு. காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்வார்கள், ஓட்டும் தூரத்துக்கு வரம்பு இருக்கும், கட்டணம் குறைவு. மிச்சிகனில் 25 வயதைத் தாண்டிய காருக்கு வரலாற்று வாகனப் பலகை வாங்கலாம். அந்தப் பலகையோடு கார் விழா, ஊர்வலம் போன்றவற்றுக்கு மட்டும்தான் ஓட்டலாம், ஆனால் ஆகஸ்ட் மாதம் முழுக்க உங்கள் விருப்பம். அதே ஆகஸ்டில்தான் டெட்ராய்ட்டின் உட்வர்ட் சாலையில் 1995 முதல் நடக்கும் பெரிய ஊர்வலம். பார்க்க டிக்கெட் கிடையாது. மடக்கு நாற்காலி ஒன்றும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு காலையிலேயே வந்து ஓரத்தில் இடம் பிடித்துவிடுங்கள்.

பல நாள் நின்ற காரை எப்படி ஸ்டார்ட் செய்வது?

உங்கள் கையில் சாவி கொடுத்தால் திணறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சாவியைத் திருப்புவதற்கு முன் ஆக்சிலரேட்டரை ஒரே ஒரு முறை தரை வரை அழுத்தி விடுங்கள். காற்றைக் குறைக்கும் தகடான சோக் அப்போதுதான் மூடும், கொஞ்சம் பெட்ரோலும் உள்ளே பீச்சும். நாலைந்து முறை அழுத்தினால் பெட்ரோல் அதிகமாகி நனைந்துவிடும். இரண்டு வாரம் நின்றிருந்தால் கார்புரேட்டர் கிண்ணம் வற்றியிருக்கும், அதனால் பத்து நொடி வரை சுற்ற விடுங்கள், பயப்பட வேண்டாம். பிடித்ததும் என்ஜின் உயர்ந்த சத்தத்தில் ஓடும். ஓரிரு நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு ஆக்சிலரேட்டரை விரல் நுனியளவு தட்டினால் சத்தம் இறங்கி, தரையில் பூனை உறுமுவது போல ஆகும். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கியர்க் கம்பை இறக்குங்கள். பின்னால் எங்கோ ஒரு சின்ன 'தொம்' கேட்கும். பிரேக்கை விட்டால் போதும், தானாக நகரும்.